கணினி தரும் வடிவம் சரியில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்ட் சூடுபிடிக்கும் மாதங்களில் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். லோடு எங்கே, சப்போர்ட் எங்கே, எவ்வளவு பொருள் செலவழிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வடிவத்தை நிரலே கண்டுபிடிக்க விடுகிறார்கள்; எதிர்வழி வடிவமைப்பு என்பது இதுதான். வரும் வடிவம் சில நேரம் அசத்தும், சில நேரம் அபத்தமாக இருக்கும். அபத்தமாக வந்ததும் பையன்கள் சால்வரை (சமன்பாட்டைத் தீர்க்கும் பகுதியை) மாற்றுகிறார்கள், மென்பொருளை மாற்றுகிறார்கள், லேப்டாப்பைக்கூட மாற்றுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. கேட்ட கேள்விக்கு நிரல் மிகச் சரியாகவே பதில் சொல்லியிருக்கும். கேட்டதுதான் நாம் நினைத்த கேள்வியாக இருக்காது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் செய்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

உகப்பாக்கத்தை (சுற்றுச்சுற்றாகத் திருத்திச் சிறந்த வடிவத்தைத் தேடும் வேலையை) நிறுத்திவிட்டு, பரப்பு முழுவதும் திடப்பொருள் என்று வைத்து ஒரே ஒரு முறை கணக்கை ஓட்டுங்கள். சப்போர்ட்டில் வரும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை நீங்கள் கொடுத்த லோடுக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லோடு கணக்கில் சேரவில்லை, அல்லது தப்பான அளவில் சேர்ந்திருக்கிறது. பிறகு இடப்பெயர்ச்சியைப் பெரிதுபடுத்திப் பாருங்கள். கீழே இழுத்தால் கீழே வளைகிறதா? சமச்சீர் என்று பாதி மாடல் மட்டும் எடுத்திருந்தால், வெட்டுக்கோட்டின் மேல் விழும் லோடையும் பாதியாக்கினீர்களா?

அடுத்தது அலகு. மி.மீ, நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வைத்தால் எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹ டன்/மி.மீ³. அங்கே 7850 என்று தட்டினால், சுய எடை சேராத நிலைக் கணக்கில் ஒன்றும் தெரியாது. அதிர்வுக் கணக்குக்குப் போனதும் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்காக விழுந்துகிடக்கும்.

அறிகுறி 1: "பாய் முடைஞ்ச மாதிரி கட்டம் கட்டமா வருது சார்"

நிரல் பரப்பை எலிமென்ட் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்து (இந்தப் பிரிப்புதான் மெஷ்), ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஓர் அடர்த்தி தருகிறது: 1 என்றால் பொருள், திரையில் கருப்பு; 0 என்றால் வெற்றிடம், வெள்ளை. கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இந்தக் கட்டங்கள் உண்மையில் வலுவானவை அல்ல. நான்கு நோடு (கணக்குப் புள்ளி) உள்ள எலிமென்ட் அந்த அமைப்புக்கு இல்லாத விறைப்பைக் காட்டுகிறது, நிரல் அதை நம்பிவிடுகிறது. இதை டியாஸும் சிக்மண்டும் 1995-லேயே காட்டிவிட்டார்கள்.

முதலில் ஃபில்ட்டர் ஆரத்தைப் பாருங்கள்; ஒவ்வொரு எலிமென்ட்டின் மதிப்பையும் அந்த ஆரத்துக்குள் இருக்கும் பக்கத்து எலிமென்ட்டுகளோடு சேர்த்துச் சராசரியாக்குவதுதான் ஃபில்ட்டர். பலரும் பயன்படுத்தும் 99 வரி (2001), 88 வரி (2011) மேட்லேப் நிரல்களில் அந்த ஆரம் எலிமென்ட் எண்ணிக்கையில் இருக்கிறது. 1 அல்லது அதற்குக் கீழே கொடுத்தால் பக்கத்து எலிமென்ட் எதுவும் கணக்கில் வராது, ஃபில்ட்டர் இருந்தும் இல்லாததுதான். 1.5-க்கு மேல் கொடுங்கள்.

ஆரம் சரியாக இருந்தும் கட்டம் தெரிகிறதா? எந்த மாறியை வரைகிறீர்கள் என்று பாருங்கள். அடர்த்தி ஃபில்ட்டரில் இரண்டு வரிசைகள் உண்டு: நிரல் திருத்துகிற மாறி ஒன்று, ஃபில்ட்டர் கழித்து எலிமென்ட் கணக்குக்குப் போகிற அடர்த்தி இன்னொன்று. பொருள் என்பது இரண்டாவதுதான். முதலாவதை வரைந்துவிட்டு நாள் முழுக்கத் தேடுபவர்கள் உண்டு.

எட்டு நோடு எலிமென்ட்டுக்குப் போவது கடைசி வழி. நேரம் கூடும், பெரும்பாலும் தேவையே இருக்காது. இந்த அறிகுறிக்கு வெளி ஆள் வேண்டியதில்லை.

அறிகுறி 2: மெஷ்ஷை நுணுக்கினால் வேறு வடிவம் வருகிறது

காரணம் அநேகமாக ஒன்றுதான். மெஷ் மாறியது, ஃபில்ட்டர் ஆரம் மாறவில்லை. எலிமென்ட் எண்ணிக்கையில் ஆரம் கொடுத்தால், மெஷ்ஷை இரட்டிப்பாக்கும்போது ஆரத்தின் உண்மையான நீளம் பாதியாகிவிடும், உடனே ஊசி ஊசியாகக் கால்கள் முளைக்கும். 88 வரி நிரலின் கட்டுரையிலேயே 60×20 மெஷ்ஷுக்கு 2.4, 150×50-க்கு 6, 300×100-க்கு 12 என்று வைத்திருக்கிறார்கள். மூன்றுமே பரப்பின் அகலத்தில் 0.04 பங்கு. நீங்களும் ஆரத்தை மி.மீட்டரில் முடிவுசெய்து, அதிலிருந்து எலிமென்ட் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். எந்தப் பட்டறையில் செய்யப்போகிறீர்களோ, அங்கே செய்யக்கூடிய மிக மெல்லிய கால் எவ்வளவு தடிமன் என்று கேட்டுவிட்டு ஆரத்தை முடிவுசெய்வது இன்னும் நல்லது.

ஆரம் சரியாக இருந்தும் வடிவம் மாறினால் அது வேறு உள்ளூர்ச் சிறுமத்தில் (சுற்றுவட்டாரத்தில் மட்டும் சிறந்த விடையில்) உட்கார்ந்திருக்கிறது. தண்டனை அடுக்கை (விறைப்பைக் கணக்கிட அடர்த்தியை உயர்த்தும் அடுக்கை) 1-இல் தொடங்கி மெதுவாக 3-க்கு ஏற்றுங்கள். அடுக்கு 1-இல் காம்ப்ளையன்ஸ் (லோடுக்கு வடிவம் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்ற அளவு) கணக்கு குவிவுக் கணக்கு, எங்கே தொடங்கினாலும் இலக்கு மதிப்பு (நாம் குறைக்கச் சொன்ன எண்) ஒரே இடத்துக்குத்தான் வரும்.

அறிகுறி 3: எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறம்

சாம்பல் என்றால் 0-க்கும் 1-க்கும் நடுவே நிற்கும் அடர்த்தி. முதலில் சாம்பலை அளந்து பாருங்கள். ஒவ்வொரு எலிமென்ட்டின் அடர்த்தி x-க்கும் 4x(1−x) கண்டுபிடித்துச் சராசரி எடுங்கள். 0 என்றால் முழுக்கக் கருப்பு வெள்ளை, 1 என்றால் முழுக்கச் சாம்பல். கண்ணால் பார்த்து 'பரவாயில்லை' என்பதை நம்ப முடியாது, வண்ண அட்டவணையை மாற்றினாலே சாம்பல் மறைந்துவிடும்.

- சாம்பல் எல்லா இடத்திலும் பரவியிருக்கிறதா? தண்டனை அடுக்கு 1-லேயே நிற்கிறதா என்று பாருங்கள். 3-க்குக் கொண்டுவாருங்கள்.
- ஓரங்களில் மட்டும் பட்டையாக இருக்கிறதா? அது ஃபில்ட்டர் போட்ட பட்டை, கோளாறு இல்லை. அதை நீக்க, நடு அடர்த்திகளை 0 அல்லது 1 பக்கம் தள்ளும் ஹெவிசைட் புரொஜெக்‌ஷன் வேண்டும். தள்ளும் கூர்மையைச் சொல்லும் பீட்டாவை 1-இல் தொடங்கி, ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை போல இரட்டிப்பாக்கி 32 வரை ஏற்றலாம். ஒவ்வொரு இரட்டிப்பிலும் இலக்கு மதிப்பு ஒரு துள்ளு துள்ளிவிட்டு இறங்கும், பயப்பட வேண்டாம். முதல் சுற்றிலேயே 32 கொடுத்தால் வடிவம் அங்கேயே உறைந்துவிடும்.
- சாம்பல் இருக்கும்போதே 0.5-க்கு மேல் கருப்பு, கீழே வெள்ளை என்று வெட்டிவிட்டீர்களா? வெட்டிய வடிவத்தைத் திரும்ப ஒருமுறை கணக்கிடாமல் எதையும் நம்பாதீர்கள். எடையும் விறைப்பும் இரண்டுமே மாறியிருக்கும்.

அறிகுறி 4: இலக்கு மதிப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது

புராஜெக்டுகளை அதிகம் விழுங்குவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

*ஏறி இறங்கி ஊசலாடுகிறது என்றால்:* ஒரு சுற்றில் ஒரு அடர்த்தி எவ்வளவு மாறலாம் என்ற வரம்பைக் குறையுங்கள். வழக்கமான 0.2-ஐ 0.05 ஆக்கிப் பாருங்கள். அடர்த்திகளைச் சுற்றுதோறும் திருத்த ஸ்வான்பெர்க் 1987-இல் தந்த எம்எம்ஏ முறையைப் பயன்படுத்தினால் இலக்கு மதிப்பின் அளவையும் பாருங்கள். 1-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும்படி வகுத்துக்கொள்ளச் சொல்வது அவரே. காம்ப்ளையன்ஸ் கோடியிலும், கட்டுப்பாடு பத்தாயிரத்தில் ஒன்றிலும் இருந்தால் அது தடுமாறத்தான் செய்யும்.

*அடர்த்திகள் கலப்பெண்ணாகவோ எண்ணே இல்லாமலோ வந்தால்:* அடர்த்திகளைத் திருத்தும் இன்னொரு முறையான ஓசி, கிரேடியன்ட்டின் (ஓர் அடர்த்தி கொஞ்சம் மாறினால் இலக்கு மதிப்பு எவ்வளவு மாறும் என்ற எண்ணின்) எதிர்க்குறிக்கு வர்க்கமூலம் எடுக்கிறது. எல்லா இடத்திலும் கிரேடியன்ட் குறைக்குறியாக இருந்தால்தான் அது நடக்கும். சுய எடை சேர்த்தாலோ, காம்ப்ளையன்ஸ் அல்லாத வேறு இலக்கு வைத்தாலோ அந்த உறுதி போய்விடும். எம்எம்ஏவுக்கு மாறுங்கள்.

*முதல் சுற்றிலிருந்தே ஏறினால், அல்லது எங்கோ நின்றுவிட்டால்:* கிரேடியன்ட் தப்பு. வேறு எதையும் தொடும் முன் அதைச் சரிபாருங்கள். நாலைந்து எலிமென்ட்டை அங்கங்கே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் சின்ன அளவு கூட்டி ஒருமுறை, குறைத்து ஒருமுறை முழுக்கணக்கையும் ஓட்டுங்கள். இரண்டு விடைகளின் வித்தியாசத்தை இரு மடங்கு அடியால் வகுத்தால் கிடைப்பது உண்மைக் கிரேடியன்ட். அடி அளவு 10⁻⁴, 10⁻⁵, 10⁻⁶ என்று மூன்றிலும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். பிறகு உங்கள் நிரலின் கிரேடியன்ட்டை இதனால் வகுங்கள். அந்த விகிதம் நிறையச் சொல்லும்:

- எல்லா எலிமென்ட்டிலும் −1: குறி மாறிக்கிடக்கிறது.
- எல்லாவற்றிலும் 2 அல்லது 0.5: ஆற்றலில் உள்ள அரையை ஓரிடத்தில் விட்டிருக்கிறீர்கள், அல்லது பாதி மாடலை ஓரிடத்தில் மட்டும் முழுதாக்கியிருக்கிறீர்கள்.
- எல்லாவற்றிலும் மூன்றில் ஒன்று: வகையிடும்போது அடுக்கை முன்னால் கொண்டுவர மறந்துவிட்டீர்கள்.
- எலிமென்ட்டுக்கு எலிமென்ட் மாறுகிறது, நடுவில் ஒன்றுக்குப் பக்கம், ஓரங்களில் விலகல்: ஃபில்ட்டரின் சங்கிலி விதி விடுபட்டிருக்கிறது.
- எந்த ஒழுங்கும் இல்லை, அடி அளவை மாற்றினால் அதுவும் மாறுகிறது: சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வர் பாதியில் நிற்கிறது. அதன் துல்லிய வரம்பை இறுக்குங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. 99 வரி நிரலில் இருப்பது அடர்த்தி ஃபில்ட்டர் அல்ல, கிரேடியன்ட்டையே மாற்றும் ஃபில்ட்டர். அது அனுபவத்தில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஃபில்ட்டர் போட்ட பிறகு அந்த எண்கள் உண்மையான கிரேடியன்ட்டுடன் ஒத்துப்போகாது, போகவும் வேண்டாம். எனவே ஃபில்ட்டர் வரிக்கு முன்னால் சோதியுங்கள். இது தெரியாமல் நல்ல நிரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

நிரலைக் கலப்பெண் ஏற்கும்படி எழுதியிருந்தால் அடியை 10⁻²⁰ என்று கற்பனைத் திசையில் கொடுத்து, விடையின் கற்பனைப் பகுதியை அடியால் வகுத்துவிடலாம். கழித்தல் இல்லாததால் துல்லியம் இழப்பதில்லை.

*வெளி ஆள் எப்போது:* பாகங்கள் ஒன்றோடொன்று உரசும் தொடுகை, பெரிய வளைவு, நேரத்தோடு மாறும் பாய்வு ஆகியவை கணக்கில் வந்துவிட்டால் அட்ஜாயின்ட்டை (கிரேடியன்ட் தரும் துணைச் சமன்பாட்டை) கையால் எழுதப் போகாதீர்கள். தானியங்கி வகையிடல் உள்ள நூலகத்துக்கு மாறுங்கள், அல்லது அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். கைவசமிருக்கும் மாதங்களில் இது முடியாது.

அறிகுறி 5: அதிர்வுக் கணக்கில் இல்லாத அதிர்வுகள்

முதல் அதிர்வு வடிவத்தை வரைந்தால் வெள்ளைப் பகுதி மட்டும் தனியாக ஆடுகிறது. அடுக்கு 3-ஆல் அங்கே விறைப்பு படுத்துவிட்டது, நிறையோ அடர்த்தியோடு நேராகவே குறைகிறது. விறைப்பு இல்லாமல் நிறை மட்டும் மிச்சம். அடர்த்தி 0.1-க்குக் கீழே நிறையை இன்னும் வேகமாகக் குறைக்கும் சூத்திரம் வையுங்கள். சுய எடைக் கணக்கில் வெள்ளைப் பகுதி தொங்கி வழிவதும் இதே நோய்தான், மருந்தும் இதே வகை.

அறிகுறி 6: காற்றாலை இறக்கையின் குறுக்குவெட்டு வினோதமாக வருகிறது

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சின்னக் காற்றாலையைப் புராஜெக்டாக எடுப்பதில் ஆச்சரியமில்லை. பெரும்பாலோர் கையில் இருப்பது எம்ஐடியில் மார்க் டிரேலா 1986-இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் என்ற இறக்கைக் கணக்கு நிரல். அதில் இறக்கையின் மேற்பரப்பில் காற்றின் வேகப் பரவலை வரைந்து கொடுத்து வடிவத்தைத் திரும்பப் பெறலாம்.

*வால் முனை திறந்துகொள்கிறது, அல்லது மேல் கோடும் கீழ்க் கோடும் குறுக்கே வெட்டுகின்றன:* நீங்கள் வரைந்த வேகப் பரவலுக்கு மூடிய வடிவமே கிடையாது. எந்தப் பரவலையும் கேட்டுவிட முடியாது, மூன்று நிபந்தனைகளுக்கு அது அடங்க வேண்டும் என்று லைட்ஹில் 1945-லேயே காட்டியிருக்கிறார். முழு எதிர்வழிப் பகுதியில் எக்ஸ்ஃபாயில் தானாகவே உங்கள் பரவலைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். அதனால் கேட்டதும் கிடைத்ததும் முழுக்க ஒன்றாக இராது. சொந்த நிரலில் அந்தத் திருத்தத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.

*மேற்பரப்பில் சின்னச் சின்ன மேடுகள்:* ஒரே ஒரு தூக்குக் குணகத்துக்கு (காற்று இறக்கையைத் தூக்கும் விசையின் அளவுக்கு) மட்டும் உகப்பாக்கியிருக்கிறீர்கள். நிரல் அந்த ஒரு புள்ளியில் மட்டும் இழுவையைக் குறைக்கும் மேட்டைக் கட்டிவிட்டது. கோணம் சற்று மாறினாலும் அது காலை வாரிவிடும். நாலைந்து கோணங்களைச் சேர்த்துக் கேளுங்கள்.

*தாளில் நல்ல விடை, வெளியே சுற்றவே மாட்டேன் என்கிறது:* ரெனால்ட்ஸ் எண்ணை (அகலம், வேகம், காற்றின் பிசுக்கு மூன்றும் சேர்ந்த பாய்வு எண்ணை) பாருங்கள். 10 செ.மீ அகல இறக்கை, 20 மீ/வி வேகம் என்றால் சுமார் ஒன்றேகால் லட்சம்தான். பெரிய காற்றாலைக்கான முப்பது லட்சத்தில் கணக்கிட்டிருந்தால் விடைக்கும் உங்கள் இறக்கைக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, முன்விளிம்பு அழுக்கு. ஆனி, ஆடியில் கயத்தாறுப் பக்கம் இறக்கையை இறக்கிப் பார்த்தால் தூசியும் பூச்சியும் அப்பியிருக்கும். கணக்கில் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி என்ற அனுமானத்தை விட்டுவிட்டு, முன்விளிம்பிலிருந்து 5 சதவீதத்தில் கொந்தளிப்பு தொடங்குவதாக வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு நிலையிலும் தாங்குகிற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி 7: நரம்பு வலை தரும் வடிவம் எதற்கும் பொருந்தவில்லை

வேண்டிய செயல்திறனைக் கொடுத்தால் வடிவத்தைச் சொல்லும்படி நரம்பு வலையை (தரவிலிருந்து கற்கும் நிரலை) சிலர் பயிற்றுகிறார்கள். ஒரே செயல்திறனைப் பல வடிவங்கள் தரலாம். அவற்றை எல்லாம் பயிற்சியில் கொடுத்தால் வலை நடுவாந்திரமான ஒன்றைச் சொல்லும். அந்த நடுவாந்திரம் எதற்குமே உதவாது. முதலில் வலை தந்த ஒவ்வொரு வடிவத்தையும் நேர்க்கணக்கில் (வடிவத்திலிருந்து செயல்திறனைக் காணும் கணக்கில்) ஓட்டிப் பாருங்கள், வலை சொன்ன மதிப்பை அப்படியே அறிக்கையில் எழுதாதீர்கள். அடுத்து, நீங்கள் கேட்ட இலக்கு பயிற்சித் தரவின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேல், வடிவத்திலிருந்து செயல்திறனைச் சொல்லும் வலையை முதலில் பயிற்றி உறையவைத்து, அதன் முன்னால் எதிர்வழி வலையை மாட்டிப் பயிற்றலாம். தரவு சில நூறுதான் என்றால் வலையை விட்டுவிட்டுக் கிரேடியன்ட் முறைக்கே திரும்புவது நல்லது.

அறிகுறி 8: திரையில் நன்றாக இருந்தது, செய்து மாட்டினால் உடைகிறது

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் குடுத்த படத்தத்தான் அப்படியே வெட்டுனேன்" என்று பேட்டைப் பக்கத்துப் பட்டறையில் சொல்வார்கள். வெட்டியவர்மீது தப்பு இருப்பது அபூர்வம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் துண்டைத் தராசில் வையுங்கள். கணக்கு சொன்ன எடைக்கும் இதற்கும் நல்ல வித்தியாசம் இருந்தால், நடுவில் எங்கோ சாம்பல் பகுதி கருப்பாகவோ வெள்ளையாகவோ வெட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் கணக்கிட்டது வேறு துண்டு.

அடுத்து, எத்தனை லோடு கொடுத்தீர்கள்? மொட்டை மாடியில் சோலார் பலகையைத் தாங்கும் பிராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்து மேல்காற்று ஒரு பக்கம் தள்ளும், ஐப்பசி கார்த்திகையில் வாடை எதிர்ப்பக்கம் தூக்கும். ஒரே திசை லோடைக் கொடுத்தால் நிரல் அந்தத் திசைக்கு மட்டும் கால் வைக்கும், பக்கவாட்டில் விரலால் தள்ளினால்கூட ஆடும். எல்லாத் திசைகளையும் தனித்தனி லோடாகக் கொடுத்து அவற்றின் கூட்டைக் குறையுங்கள். மிக மோசமானதைக் குறைக்கும்படி கேட்பது இன்னும் பாதுகாப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே லோடாகக் கொடுத்துவிடாதீர்கள், எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

மூன்றாவது, அமுக்கத்தில் இருக்கும் மெல்லிய கால்கள். காம்ப்ளையன்ஸ் கணக்குக்கு வளைந்து முறிவது தெரியாது. ஒவ்வொரு மெல்லிய காலுக்கும் ஆய்லர் சூத்திரத்தைக் கையாலேயே போட்டுப் பாருங்கள், ஒரு தாள் போதும்.

நான்காவது தகைவு (பொருளுக்குள் ஓரலகு பரப்பில் விழும் விசை). விறைப்பாக இருப்பது வேறு, உடையாமல் இருப்பது வேறு. வடிவத்தின் ஓரங்களை வழவழப்பாக்கி, புதிதாக மெஷ் போட்டுத் தகைவைப் பாருங்கள். உள்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போனால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை, மூலைக்கு வளைவு கொடுங்கள். விஎம்சியில் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தில்) கடைவதாக இருந்தால் உள்மூலையின் ஆரம் கட்டரின் ஆரத்துக்குக் கீழே போகவே முடியாது, அதையும் வரைபடத்திலேயே வையுங்கள். 3டி பிரின்ட் என்றால் அடுக்குகளுக்கு நடுவே பிய்ந்துவரும், எனவே இழுவிசை அடுக்குகளின் தளத்திலேயே ஓடும்படி துண்டைப் படுக்கவைத்து அச்சிடுங்கள். 45 பாகைக்கு மேல் சாய்ந்து தொங்கும் பகுதிக்கு முட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

இவ்வளவும் சரியாக இருந்து, வெட்டும்போது அரை மி.மீ கூடினாலோ குறைந்தாலோ துண்டு தாங்கவில்லை என்றால், வடிவத்தைச் சற்று மெலிந்தது, உள்ளபடி, சற்றுத் தடித்தது என்று மூன்றாகக் கணக்கிட்டு மூன்றுக்கும் சேர்த்து உகப்பாக்குங்கள். கணக்கு நேரம் மூன்று மடங்காகும், ஆனாலும் துண்டு வெளியே போய் நிற்கப்போகிறது என்றால் அந்த நேரம் வீணில்லை.

*வெளி ஆள் எப்போது:* ஆள் தலைக்கு மேலே தொங்குவது, பாரம் தூக்குவது, அழுத்தத்தை அடைத்துவைப்பது, காற்றில் ஓயாமல் ஆடி அலுப்பில் விரிசல் விடக்கூடியது. இவற்றில் எதுவானாலும் முதல் துண்டை மாட்டும் முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போங்கள். சோதனைத் துண்டை இழுவைச் சோதனைக்கும் கொடுங்கள். போகும்போது எல்லா லோடுகளின் பட்டியல், திசை, அளவு, சப்போர்ட் போல்ட்டுகளின் நிழற்படம், பொருளின் சான்றிதழ், வழவழப்பாக்கிய பிறகான ஸ்டெப் கோப்பு (3டி வரைபடக் கோப்பு), தராசில் நின்ற எடை ஆகியவற்றை எடுத்துப்போங்கள். உடைந்த துண்டு இருந்தால் முறிந்த முகத்தைத் துடைக்காமல், இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்க்காமல், தனித்தனியாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். எங்கிருந்து விரிசல் தொடங்கியது என்று அந்த முகத்தில்தான் அவர் முதலில் பார்ப்பார்.